கடல் கடந்தோர் கடன்

வழக்குகள் இருவகைப்படும். ஒன்று நீதிமன்றம் ஏறும் வழக்கு. மற்றொன்று வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடும் வழக்கு. முன்னதற்குத் தீர்ப்புக் கூற நீதிபதிகள் உளர். பின்னதற்கோ வாதிகளும் பிரதிவாதிகளும் உண்டேயன்றித் தீர்ப்புக் கூறுவார் எவரும் இலர். ஆதலால் அது தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டே இருக்கும். அத்தகைய வழக்கொன்றை இங்கு ஆராயப் புகுகின்றோம். மேனாட்டில் கல்வி பயிலச் சென்ற பிள்ளை, விடுமுறை வந்தவுடன் பாரிசு, ரோம், லிஸ்பன் என்று ஐரோப்பாவைச் சுற்றி வருகின்றான். அவன் அங்ஙனம் செய்வது முறையா, முறையன்றா? இதுவே வழக்கு.

செல்வர் வீட்டில் இவ்வழக்கு எழுவதில்லை. உழைப்பாளர் வீட்டிலேயே எழுகின்றது. மலாக்கா மாநிலத்து ஆயர் குரோவை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் இப்பெயர் கலங்கிய நீர் எனப் பொருள்படும். இன்று அங்கே நெடுஞ்சாலைச் சந்திப்பு உண்டு. மாநில அரசின் தலைமைச் செயலகம் உண்டு. விலங்குக் காட்சிசாலை உண்டு. அடுத்துள்ள புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கின்றது. அயல்நாட்டு இளைஞர் பலர் கடல் கடந்து வந்து அங்கே பயில்கின்றனர். நம் வாசலுக்கே பிறநாட்டு மாணவர் வர, நம் பிள்ளைகள் பிறநாட்டிற்குச் செல்கின்றனர். இவ்வட்டாரத்துத் தமிழர் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் ஜாசின், அலோர் காஜாப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பால்மரம் வெட்டியவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்ச் சிறு வீடு வந்தது. அச்சிறு வீட்டிலிருந்துதான் ஒரு மகனோ மகளோ இன்று விமானம் ஏறுகின்றார்.

ஏறுவதற்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? அரசின் உதவிச்சம்பளம் சிலருக்குக் கிட்டும். கிட்டாதவர்க்குத் தந்தையின் ஊழியர் சேமநிதி கைகொடுக்கும். முதுமைக்கென்று மாதந்தோறும் பிடித்து வைத்த பணத்தைப் பிள்ளையின் படிப்பிற்கென்று எடுக்கச் சட்டம் இடந்தருகின்றது. தன் கடைசிக் காலத்துக் கஞ்சியைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக மாற்றிக் கொடுத்த தந்தை, அப்பிள்ளை ஈபில் கோபுரத்தின்முன் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியிற் காண்கின்றார். மகிழ்வதா, வருந்துவதா என்று அவருக்கு விளங்கவில்லை. வழக்கு அங்கேதான் பிறக்கின்றது.

இரு கட்சியாரும் சொல்வதைக் கேட்போம். முதற் கட்சியார் கூறுவது: “படிக்க அனுப்பினோம், ஊர் சுற்ற அனுப்பவில்லை. ஒருவன் செலவழிக்கும் பணம் அவன் ஈட்டியதாக இருந்தால் கேட்பதற்கில்லை. பிறர் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததை வேடிக்கை பார்த்து அழிப்பது நன்றியின்மையாகும்.” இஃது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. வறுமையைக் கண்டவர் வாயினின்று வருவது இது. சிக்கனத்தைக் கேலி செய்வோர் பெரும்பாலும் பசியை அறியாதவர்.

இரண்டாங் கட்சியார் கூறுவது: “கல்வி புத்தகத்தில் மட்டும் இல்லை. கண்ணாற் கண்டறிவதும் கல்வியே. செல்வர் மகன் பார்க்கலாம், தொழிலாளி மகன் பார்க்கலாகாது என்பது எந்த நியாயம்? அன்றியும், வாரத்துக்கு 20 மணி நேரம் உணவகத்திலோ கடையிலோ வேலை செய்து சேர்த்த காசில்தானே அவர்கள் போகின்றார்கள்?” இதுவும் தள்ளத்தக்கதன்று. பிரிட்டனில் பட்டப்படிப்புப் பயிலும் அயல்நாட்டு மாணவர்க்குப் பாடநாட்களில் அவ்வளவு நேரமே வேலைக்கு அனுமதி. அவ்வேலையைப் பலர் செய்கின்றனர்.

இருவரும் மெய்யே பேசுகின்றனர். ஆயினும் இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பயணத்தைப் பணத்தால் அளக்கின்றனர். ஒருவர் செலவு மிகை என்கின்றார். மற்றவர் செலவு தகும் என்கின்றார். பயணத்தின் பயன் யாது என்று இருவரும் கேட்கவில்லை. கடன் பட்டவன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த நாணயத்தால் தீர்ப்பது, யாருக்குத் தீர்ப்பது என்பவையே கேள்வி.

இதற்கு விடை காணுமுன், கடல் கடத்தலைப்பற்றி நம் சமூகம் நேற்றுவரை கொண்டிருந்த கொள்கையைச் சற்று நினைவுகூர்வோம். கடல் கடத்தல் பாவம் என்றனர். 1888-இல் காந்தியடிகள் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய சாதியார் கூடி அவரைச் சாதியினின்று விலக்கினர். கணித மேதை இராமாநுசன் கேம்பிரிட்சுக்குச் செல்லத் தொடக்கத்தில் தயங்கியதற்கும் இவ்வாசாரத் தடையே காரணம். அத்தடை நீங்கி, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் அவர் சென்னையிற் கப்பலேறினார்.

அதே காலத்தில், அதே கடலில், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரமாயிரம் ஏழைத் தமிழர் மலேயாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது; கங்காணி முறையில் ஆள் அனுப்புவது அதன்பின்னும் நீடித்து, 1938-இல் இந்திய அரசு தடைவிதித்த பின்னரே நின்றது. அவ்வளவு ஆண்டுகளிலும் அவ்வேழைகளுக்குக் கடல் கடந்த பாவம் சேருமே என்று எந்தச் சாத்திரியாரேனும் துறைமுகத்தில் நின்று தடுத்ததுண்டோ? இல்லை. நூல் கற்கச் சென்றவனுக்குத் தீட்டு. மரம் வெட்டச் சென்றவனுக்குத் தீட்டில்லை! பாவம் கடலில் இல்லை. செல்வோனின் நிலையைப் பார்த்தே பாவம் வகுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இதனை ஏன் இங்கே கூறினோம்? வழக்கம் என்பது மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம் என்பதற்காகக் கூறினோம். இவ்வுண்மையை ஒருவன் தன் ஊரிலேயே இருந்து உணர்தல் அரிது. பிறந்தது முதல் கண்ட வழக்கம் அவனுக்கு இயற்கையாகவே தோன்றும். வேற்று நாட்டில் வேறு வழக்கத்தைக் கண்டபோதுதான், ‘ஓ! இவ்வாறும் வாழலாம் போலும்’ என்னும் எண்ணம் பிறக்கும். அவ்வெண்ணமே பயணத்தின் முதற் பயன்.

ஆயின் மேனாட்டைக் கண்டு மயங்குவது அப்பயன் ஆகாது. மேனாட்டு வழக்கமும் மனிதர் வகுத்ததே. அங்கும் அநீதி இருந்தது. அங்கும் போராடியே மாற்றினர். கேம்பிரிட்சின் பழங்கட்டடங்களைக் கண்டு வியக்கும் மாணவி ஒன்றை அறிதல் வேண்டும். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப்பட்ட உரிமை வழங்கியது 1948-இல்தான். ஆல்ப்சு மலையின் பனியைக் கண்டு களிக்கும் மாணவன் ஒன்றை அறிதல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் நாடளாவிய தேர்தலில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1971-இல்தான். மலாயாவிலோ 1955-இல் நடந்த முதற்பொதுத் தேர்தலிலேயே பெண்களும் வாக்களித்தனர். ஆதலால் ஐரோப்பா பிறவியிலேயே ஞானி என்பதும் பொய். நாம் பிறவியிலேயே பின்தங்கியவர் என்பதும் பொய். திருந்த முயன்றவர் திருந்தினர் என்பதே மெய்.

இனி, மலாக்காத் தமிழ் மாணவன் ஐரோப்பாவிற் காணத்தக்கவை சில உள. அவை அவனுக்கு வேடிக்கைப் பொருள்கள் அல்ல. அவனுடைய சொந்த வரலாற்றின் ஏடுகள். இலண்டனில் கியூ என்னும் இடத்தில் அரசு தாவரத் தோட்டம் ஒன்று உள்ளது. 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகள் அங்கேதான் முளைவிக்கப்பட்டன. அக்கன்றுகளுட் பல இலங்கைக்குச் சென்றன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அத்தகைய தோட்டங்களுக்கு அதுவே முன்னோடி. அதன்பின் தோட்டம் பெருகிற்று, ஆள் வேண்டியிருந்தது, தமிழகத்துச் சிற்றூர்களில் கங்காணி வந்து நின்றான்.

கியூ தோட்டத்தில் நிற்கும் மாணவன் இந்தத் தொடரை அறிந்திருந்தால், அது அவனுக்கு வெறும் பூங்காவாக இராது. தன் பாட்டி ஏன் கடல் கடந்தாள் என்பதற்கு விடை தரும் இடங்களுள் அதுவும் ஒன்றாகும். அறியாதவனுக்கோ அது படம் எடுத்துக்கொள்ள ஏற்ற பசுமையான இடம், அவ்வளவே. அறிந்தவன் செய்த செலவு கல்விச் செலவு. அறியாதவன் செய்த செலவு கேளிக்கைச் செலவு. இருவர் வாங்கிய நுழைவுச்சீட்டின் விலையோ ஒன்றே!

லிஸ்பன் நகரும் அத்தகையதே. அந்நகரிலிருந்து வந்த போர்த்துக்கேசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளில் அங்கிருந்து எழுதிய தோமே பிரெசு, மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்தார். அவர்கள் மலாக்காவில் எழுப்பிய கோட்டையின் வாயில் ஒன்று இன்றும் நிற்கின்றது. மலாக்கா வீழ்ந்து 43 ஆண்டு கழிந்தபின், 1554-இல், லிஸ்பனில் ஒரு சிறு சமய நூல் அச்சாயிற்று. போர்த்துக்கேய எழுத்தில் தமிழ்மொழி அச்சேறிய நூல் அது. தமிழறிந்த மூவர் அதனை ஆக்க உழைத்தனர். மலாக்காவைப் பீரங்கியால் வென்ற நாட்டிலேதான் நம் மொழி முதன்முதல் அச்சு வாகனம் ஏறிற்று என்பது வியப்பன்றோ?

இந்நூலை ஆராய்ந்து தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். அவருடைய வாழ்க்கை நம் வழக்கிற்கு நல்லதொரு சான்று. 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த அவர், 1930-களில் ரோமாபுரியிற் சமயக் கல்வி பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றார். அவ்வளவு கற்றுத் திரும்பிய பின்னர், ‘நான் மேனாடு கண்டவன்’ என்று இறுமாந்திருந்தாரா? இல்லை. தம் தாய்மொழியை ஆழ்ந்து கற்கவில்லையே என்று உணர்ந்து, மீண்டும் மாணாக்கராய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். பின்பு 1954-இல் ஐரோப்பிய நூலகங்களைத் துருவினார். வத்திக்கான் நூலகத்திலிருந்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வெளிக்கொணர்ந்தார். அவ்வகராதி 1966-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பிக்கப்பெற்றது. அதே ஆண்டு அதே நகரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அவர் முயற்சியால் நடைபெற்றது. ரோமில் மாணவராய் இருந்தவர் ரோமைத் தமிழுக்குப் பயன்படுத்தினார்.

அவர் தலைமை ஏற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தோற்றத்தையும் இங்கே எண்ணுதல் தகும். 1950-களில் அத்துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. சிங்கப்பூர்த் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். அதற்கு ஆளுக்கு ஒரு வெள்ளி என்று தொழிலாளரும் கொடுத்தனர். துறை 1956-இல் தொடங்கிற்று. தோட்டத் தொழிலாளி பலருக்குப் பல்கலைக்கழகத்தின் படிக்கட்டைக்கூடக் கண்டிருக்க வாய்ப்பில்லை. நூலகத்தில் அடுக்கப்படும் நூல்களைத் தாம் படிக்கப்போவதில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் தம் உழைப்பில் ஒரு பகுதியை ஈந்தனர். யாருக்காக? பெயர் தெரியாத, இன்னும் பிறவாத, எவர் வீட்டுப் பிள்ளைக்காகவோ ஈந்தனர்.

கடன் யாருக்கு என்னும் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கின்றது. கடல் கடந்தவன் பெற்றோருக்கு மட்டும் கடன்பட்டவன் அல்லன். அனுப்பப்படாதவர்களுக்கும் கடன்பட்டவன். ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்த பலருள் ஒருவன் மேனாடு செல்கின்றான். மற்றவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். ஒருவனுக்குத் தந்தை இறந்தார். ஒருவனுக்குப் பத்திரம் கிடைக்கவில்லை. ஒருத்தியைத் ‘தம்பி படிக்கட்டும், நீ வீட்டைப் பார்’ என்று நிறுத்தினர். இந்நாட்டிலேயே பல்லாண்டு உழைத்தும் குடியுரிமை கிட்டாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய தமிழர் இன்றும் உளர். அத்தகைய பாட்டி வீட்டிலிருக்க, பேரன் மலேசியக் கடப்பிதழோடு பாரிசில் இறங்குகின்றான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது எல்லைக்குள் அவன் விசாவின்றியே 180 நாட்களில் 90 நாள் உலவலாம். அவனோடு ஒரே வகுப்பிற் பயிலும் யாழ்ப்பாணத்து மாணவனோ, மதுரை மாணவனோ விசாவுக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். மூவர் மொழியும் ஒன்று, அறிவும் ஒன்று, கையிலிருக்கும் சிறு புத்தகத்தின் அட்டைதான் வேறு. தனக்குக் கிட்டியது தன் தகுதியால் மட்டும் கிட்டியதன்று என்பதை அவன் அவ்வெல்லையிலேயே உணர்வானாயின், அந்தப் பயணம் வீண்போகவில்லை.

இனி, எந்த நாணயத்தாற் கடன் தீர்ப்பது? பணத்தால் என்பர் பலர். பெற்றோர்க்குப் பணம் அனுப்புதல் நன்று. அனுப்பாமல் இருத்தல் இழிவு. ஆயினும் அது கடனில் ஒரு பகுதியே. முதன்மையான நாணயம் நடத்தை. மேனாட்டில் அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை எண்ணுக. தன் தட்டைத் தானே கழுவினான். உணவகத்தில் பிறர் உண்ட மேசையைத் துடைத்தான். புகைவண்டியில் தெருக்கூட்டுவோரோடு ஒரே இருக்கையில் அமர்ந்தான். யாரும் அவன் சாதியைக் கேட்கவில்லை. நிறத்தை நோக்கி யாரேனும் இகழ்ந்திருந்தால், உள்ளம் கொதித்து அதனை அநீதி என்று உணர்ந்தான்.

அவனே ஊர் திரும்புகின்றான். தங்கை கழுவட்டும் என்று தட்டை அப்படியே வைத்து எழுகின்றான். திருமணப் பேச்சு எழும்போது, ‘எந்த ஆட்கள்?’ என்று பெரியோர் மெல்லக் கேட்பதைக் கேட்டும் கேளாதவன்போல் இருக்கின்றான். இந்தியாவில் வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-இலேயே பிறந்தது. ஆயினும் மேனாட்டுப் பட்டம் பெற்ற மாப்பிள்ளைக்கு விலை ஏறுகின்றதேயன்றி இறங்கக் காணோம். நிறவெறியை அங்கே பழித்தவன், சாதிவெறிக்கு இங்கே தலைகுனிகின்றான். அங்ஙனமாயின் அவன் பத்து நாடுகளைக் கண்டும் ஒன்றையும் காணாதவனே. அவனுக்குச் செலவிட்ட ஒவ்வொரு வெள்ளியும் வீண் என்று முதற் கட்சியார் கூறினால், அதை மறுக்க நம்மிடம் சொல் இல்லை.

ஐரோப்பியரே தம் இளைஞரை ஏன் நாடு விட்டு நாடு அனுப்புகின்றனர்? இருபெரும் போர்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்தவர்கள் அவர்கள். அண்டை நாட்டை அறியாமையும் அப்பகைக்கு எருவாயிற்று என்று உணர்ந்து, 1987-இல் ‘எராசுமசு’ என்னும் திட்டத்தை வகுத்தனர். ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டிற் சிலகாலம் தங்கிப் பயில அது வழிசெய்தது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் சென்றனர். பின்னர்த் தொகை இலட்சக்கணக்கிற் பெருகிற்று. பகைவன் வீட்டுப் பிள்ளையோடு ஒரே அறையில் உண்டு உறங்கியவனுக்கு அவனைச் சுடக் கை எழாது என்பதே அதன் உட்கருத்து.

இப்பாடத்தை நாம் எங்கே பயன்படுத்துவது? 84 மொழி ஒலித்த மலாக்காவிலேதான். நம் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றோம். பாரிசில் முன்பின் அறியாத இத்தாலியனோடு அறையைப் பங்கிட்டுக்கொண்ட இளைஞன், தன் தெருவிலுள்ள வேற்றினத்தார் வீட்டிற்கு எத்தனை முறை சென்றிருக்கின்றான்? இன்னும் அருகே நோக்குவோம். தமிழருக்குள்ளேயே, ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்று விலகும் வீட்டில் அவன் என்றேனும் ஒரு குவளை நீர் வாங்கிக் குடித்ததுண்டோ? ஆறாயிரம் மைல் கடத்தல் எளிது. அடுத்த வீட்டு வாசற்படியைக் கடத்தல் அரிது. அரியதைச் செய்யப் பழகவே எளியதைச் செய்கின்றோம்.

‘ஏழைப் பிள்ளை மீது மட்டும் இச்சுமையை ஏன் ஏற்றுகின்றீர்? செல்வன் மகனைக் கேட்டீரா?’ என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. செல்வனையும் கேட்கின்றோம். அவன் செல்வமும் பலர் உழைப்பில் விளைந்ததே. ஆயினும் ஏழைப் பிள்ளையிடம் நாம் கேட்பது சுமையன்று. இன்பத்தைத் துறக்கச் சொல்லவில்லை; பனியைப் பார்க்க வேண்டா, இசையைக் கேட்க வேண்டா என்று கூறவில்லை. இளமையில் மகிழ்தல் குற்றமன்று. பாட்டியார் பால்மரத்தடியில் நின்றது, பேரன் என்றும் குனிந்தே நடக்க வேண்டும் என்பதற்காக அன்று. நிமிர்ந்து நடப்பதற்காகவே.

‘திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டவன் கடன் தீர்த்தவன் ஆவானோ?’ என்பது மற்றொரு வினா. தங்குமிடம் கொண்டு ஒருவனை அளத்தல் பொருந்தாது. அங்கே இருந்தும் தன் ஊர்ப் பிள்ளைக்கு வழிகாட்டுவோர் உளர்; திரும்பி வந்தும் தன் வீட்டு மதிலை உயர்த்திக்கொண்டோர் உளர். ஒருவன் எங்கிருப்பினும், அனுப்பப்படாதவர்க்கு அவன் செய்தது என்ன என்பதே கணக்கு.

ஆதலால் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். பிள்ளை ஊர் சுற்றுவதைக் கண்டு அஞ்சவேண்டா, ‘எவ்வளவு செலவாயிற்று?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தவும் வேண்டா. ‘என்ன கண்டாய்? அதனால் நம் வீட்டில் எதை மாற்றப் போகின்றாய்?’ என்று கேளுங்கள். அவன் மாற்றக் கருதுவது உங்களுக்குக் கசப்பாக இருப்பினும் பொறுத்துக் கேளுங்கள். அனுப்பியவர் நீங்கள்; அவன் கொண்டுவருவதை வாங்கிக்கொள்ளும் கடமை உங்களுக்கும் உண்டு.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். செல்லுங்கள், காணுங்கள், மகிழுங்கள். கியூவில் நிற்கும்போது புக்கிட் லிந்தாங்கை நினையுங்கள். லிஸ்பனில் நிற்கும்போது மலாக்காக் கோட்டை வாயிலை நினையுங்கள். வீடு திரும்பிய முதல் நாளில், உண்டு முடித்ததும் எழுந்து, உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள். உடன் படித்தும் உங்களோடு வர இயலாமற்போனவரைத் தேடிச் சென்று, கண்டதையெல்லாம் கூறி, அவர் தம்பியோ தங்கையோ அடுத்துச் செல்ல ஆவன செய்யுங்கள். வழக்கின் தீர்ப்பு அதுவே.